முடிவை மாற்றாத ஓட்டு

நர்ஸக்காவின் வீட்டுக்காரர் எங்கள் பேருந்துப் பணிமனையில் மெக்கானிக். நான் அங்கேயே நடத்துநர். கணவாய் வழியாக மலைக்கு அந்தப் பக்கம் போய்த் திரும்பும் வண்டிதான் என் வண்டி. அக்கா கதையில் பாதி அவர் வாயாலேயே கேட்டது. மீதி, வண்டிக்கு அடியில் மல்லாந்து படுத்துக்கொண்டு அவர் வீட்டுக்காரர் சொன்னது. அந்த மனிதருக்கு ஆள் முகத்தைப் பார்த்தால் பேச்சு வராது. மேலே ஓர் எஞ்சின் இருந்தால் வரும்.

எங்கள் பிரதேசம் சின்னது. மூன்று பக்கம் மலை, ஒரு பக்கம் எல்லை வேலி. மாநிலம் என்ற அந்தஸ்துக்கு எங்கள் ஜனத்தொகை போதாது என்று ஆதியிலேயே தள்ளி வைத்துவிட்டார்கள். நாடாளுமன்றத்தில் எங்களுக்கென்று ஓர் இடம் மட்டும் உண்டு. அதில் உட்காருகிறவர் பேசலாம், கேள்வி கேட்கலாம், சம்பளம் வாங்கலாம். ஓட்டுப் போடக் கூடாது. ஊரில் அதற்கு ஒப்புக்குச் சப்பாணி சீட்டு என்று பெயர். அக்காவுக்கு முன்னால் மரக்கடை முதலாளி அதில் உட்கார்ந்திருந்தார். அவருக்குத் தலைநகரில் வீடு கிடைத்தது, மகளுக்குக் கல்லூரி கிடைத்தது. எங்களுக்கு ஒன்றும் கிடைக்கவில்லை. நாங்களும் பெரிதாகக் கேட்டுவிடவில்லை.

அக்கா எங்கள் ஊர் சுகாதார நிலையத்தில் பிரசவம் பார்த்தவர். இரண்டு கட்டில், ஒரு மேசை விளக்கு, கொதிக்கும் தண்ணீர், அவர் கை. அவ்வளவுதான் எங்கள் மகப்பேறு ஆஸ்பத்திரி. சுகப்பிரசவம் என்றால் கவலை இல்லை. சிக்கல் என்றால் கணவாயைத் தாண்டி, பக்கத்து மாநிலத்தின் பெரிய ஊருக்குத்தான் ஓட வேண்டும். வெயில் காலத்தில் அது அரை நாள் பயணம். மழைக் காலத்தில் கடவுள் விட்ட வழி.

ஒரு மழையில் அவர் நாத்தனாருக்கே வலி கண்டது. பெண் குழந்தை நல்லபடியாகப் பிறந்தது. ஆனால் தாய்க்கு ரத்தம் நிற்கவில்லை. அக்கா தெரிந்ததையெல்லாம் செய்து பார்த்துவிட்டு ஜீப்பைக் கொண்டுவரச் சொன்னார். ஓட்டியது அவர் வீட்டுக்காரர்தான், இறந்துபோனவளின் சொந்த அண்ணன். கணவாயின் பாதி ஏற்றத்தில் மண் சரிந்து பாதையை அடைத்திருந்தது. திரும்பி வேறு வளைவில் ஏறப் பார்த்தார்கள். பின்னால் அக்காவின் மடியில் தங்கை. கொஞ்ச தூரம் போனதும் அக்கா முன் இருக்கையைத் தொட்டு, "இனிமே வேகமா வேணாம்" என்றார்.

அவர் வண்டியை நிறுத்தவில்லை. திரும்பிப் பார்க்கவும் இல்லை. மெதுவாக ஓட்டிக்கொண்டே போனாராம்.

குழந்தையை அதன் அப்பாவின் வீட்டார் சமவெளிக்குக் கொண்டுபோய்விட்டார்கள். பிள்ளை இல்லாத அக்காவும் வீட்டுக்காரரும் கேட்டுப் பார்த்தார்கள். உரிமை அவர்களுடையதாக இருந்தது, கொடுக்கவில்லை.

அந்த வருஷம் தேர்தல் வந்தது. அக்காவை நிற்கச் சொல்லி முதலில் விளையாட்டாகத்தான் பேச்சு எழுந்தது. ஓட்டுப் போடுகிறவர்களில் பாதிப் பேர் அக்கா கையால் பூமிக்கு வந்தவர்கள், மீதிப் பேர் அவர்களைக் கட்டிக்கொண்டவர்கள், அப்புறம் யார் எதிர்த்து நிற்பது என்று டீக்கடையில் சிரித்தார்கள். அக்கா சிரிக்கவில்லை. அரசாங்க வேலையை ராஜினாமா செய்துவிட்டுப் போய் மனுத்தாக்கல் செய்தார். மரக்கடை முதலாளிக்கு வைப்புத்தொகை மிஞ்சியதே பெரிய காரியம்.

வீட்டுக்காரரைக் கூட வரச் சொன்னார். அவருக்குப் படுத்த படுக்கையாக அப்பா இருந்தார், பணிமனையில் வேலை இருந்தது. அக்கா மட்டும் ஒரு பெட்டியோடு என் வண்டியில்தான் ஏறினார். டிக்கெட் வேண்டாம் என்றேன். கையிலிருந்த சில்லறையை என் பையிலேயே போட்டுவிட்டுப் போய் உட்கார்ந்தார்.

தலைநகரில் உறுப்பினர்களுக்கான குடியிருப்பு பெரியது. மாநிலங்களின் உறுப்பினர்களுக்கு மாடியில் வீடு. பிரதேசத்துக்காரர்களுக்குத் தரைத்தளத்தில் ஓர் அறை, ஒரு சமையல் மூலை. அக்காவின் அறைச் சுவருக்கு அந்தப் பக்கம் தண்ணீர் மோட்டார். அது ஓடும்போது அலமாரியில் தம்ளர்கள் நடுங்கும். அக்கா வந்த புதிதில் இரண்டு பேருக்கு அளந்தே அரிசி போட்டார். மிஞ்சியதை மறுநாள் சாப்பிட்டார். அப்புறம் கை தானாகவே குறைத்துக்கொண்டது. அதுதான் மனசுக்குக் கஷ்டமாக இருந்தது என்று என்னிடம் ஒரு முறை சொன்னார்.

சபையில் அவருக்குக் கடைசி வரிசை, தூண் ஓரம். ஓட்டெடுப்பு என்றால் அங்கே மணி அடிக்கும். ஆம் என்பவர்கள் ஒரு கதவு வழியாகவும் இல்லை என்பவர்கள் இன்னொரு கதவு வழியாகவும் வெளியே போவார்கள். கதவுகளில் நின்று தலையை எண்ணுவார்கள். முதல் தடவை மணி அடித்ததும் அக்காவும் கூட்டத்தோடு எழுந்து நடந்தார். கதவுக்காரர் அவரை ஒதுக்கி நிறுத்தினார். மூட்டுவலிக்காரர், பருத்த உடம்பு. குரலைத் தாழ்த்திக்கொண்டு, "நீங்க உள்ளயே இருங்கம்மா" என்றார்.

எல்லோரும் போனதும் அவர் கதவுகளைப் பூட்டினார். அவ்வளவு பெரிய மண்டபத்தில் கதவுக்காரரும் அக்காவும் மட்டும். மேசைகளில் பாதி குடித்த தண்ணீர், திறந்து கிடந்த மூக்குக்கண்ணாடிகள், நாற்காலி முதுகில் தொங்கிய கோட்டுகள். வெளியே எண்ணும் சத்தம் மங்கலாகக் கேட்டது. அக்கா தன் இடத்துக்குத் திரும்பிப் போய்க் கையைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்தார்.

பிரதேசத்துக்காரர்கள் வழக்கமாக மணி அடிக்குமுன்பே நழுவிக் கேன்டீனுக்குப் போய்விடுவார்கள் என்று கதவுக்காரர் பிறகு சொன்னார். மற்ற இரண்டு பிரதேசங்களின் உறுப்பினர்கள் இப்போதும் அப்படித்தான். அக்கா போகவில்லை. ஏன் இப்படித் தனியாக உட்கார்ந்திருக்கிறீர்கள் என்று அவர் ஒரு நாள் கேட்டே விட்டார்.

"எங்க ஊர்க்காரங்க இங்க உக்காரத்தானே அனுப்பினாங்க. கேன்டீனுக்குன்னா மரக்கடைக்காரரே போதுமே" என்றார் அக்கா.

அதற்குப் பிறகு ஒவ்வொரு ஓட்டெடுப்பிலும் அந்த இருவரும் பேசிக்கொள்வார்கள். அவர் கதவருகே, இவர் தூணருகே. நடுவில் காலி நாற்காலிகள். அவர் முழங்காலுக்கு என்ன செய்யலாம் என்று அக்கா அங்கிருந்தே சொல்வார். தலைநகரில் அவரோடு பேசிய ஒரே ஆள் அந்த மனிதர்தான் என்று சொன்னால் அதில் மிகை கொஞ்சம்தான்.

சபையில் பேச அவருக்கு மூன்று நிமிஷம் கொடுப்பார்கள். பெரும்பாலும் சாப்பாட்டு நேரம் நெருங்கும்போது. எதைப் பற்றி விவாதம் நடந்தாலும் அக்கா கடைசியில் கணவாயில்தான் வந்து நிற்பார். எங்களுக்கு அறுவை அரங்கோடு ஒரு மகப்பேறு ஆஸ்பத்திரி வேண்டும். இதுதான் அவர் கேட்டது, வேறு வேறு வார்த்தைகளில். உறுப்பினர்கள் தலையாட்டுவார்கள், கெட்டவர்கள் இல்லை. அழுத பிள்ளை பால் குடிக்கும் என்று யாரோ ஆறுதல் சொன்னதற்கு, "அழற சத்தம் கேக்கற தூரத்துல தாய் இருக்கணுமே" என்றாராம்.

ஞாயிற்றுக்கிழமைகளில் அவருக்குப் போக இடமில்லை. ஒரு நாள் பஸ் ஏறி நகரத்தின் பெரிய மகப்பேறு மருத்துவமனைக்குப் போனார். பிரசவ அறைக்கு வெளியே நீண்ட பெஞ்சில், பிளாஸ்க்கும் போர்வையுமாகக் காத்திருந்த குடும்பங்களுக்கு நடுவில் உட்கார்ந்தார். உள்ளே குழந்தை அழும் சத்தம் கேட்டது. முதல் அழுகையைக் கேட்டே பிள்ளை தேறுமா என்று சொல்லிவிடுவார் அவர். அங்கே அவரிடம் யாரும் கேட்கவில்லை. அடுத்த ஞாயிறும் போனார். பிறகு அதுவே வழக்கமாயிற்று. காவலாளி ஒரு நாள் யாரோடு வந்திருக்கிறீர்கள் என்று கேட்டான். அக்கா எழப் பார்த்தார். பக்கத்திலிருந்த ஒரு பெண், "எங்ககூடத்தான்" என்று சொல்லி நகர்ந்து இடம் கொடுத்தாள். அதற்கப்புறம் அவர் அங்கே போகவில்லை.

மறு வருஷம் சபை விதி மாறியது. முழுச் சபையும் ஒரு குழுவாக உட்கார்ந்து மசோதாவின் வரிகளை அலசும் நாட்கள் உண்டு. அந்த நாட்களில் பிரதேச உறுப்பினர்களும் ஓட்டுப் போடலாம் என்று அறிவித்தார்கள். பத்திரிகைகள் அதைப் பாராட்டி எழுதின. ஆனால் விதியின் வாலில் ஒரு முடிச்சு இருந்தது. பிரதேசத்துக்காரர்களின் ஓட்டால் முடிவு மாறினால், அவர்களை விட்டுவிட்டு மறுபடி எண்ண வேண்டும். அந்த எண்ணிக்கைதான் செல்லும். அக்கா தொலைபேசியில் இதை வீட்டுக்காரருக்கு விளக்கினார்.

 அவர், "வெயில் நாள்ல குடை குடுத்து, மழை வந்தா வாங்கிக்கற மாதிரி" என்றார். அக்கா அன்றைக்குத்தான் அந்த அறையில் வாய்விட்டுச் சிரித்தார்.

அந்த மழைக்காலக் கூட்டத்தொடரில் சுகாதார மசோதா வந்தது. அக்கா ஒரு திருத்தம் கொடுத்தார். பழைய கோரிக்கைதான். இரண்டு மாநிலங்களின் உறுப்பினர்கள் ஆதரித்தார்கள். செலவைச் சொல்லி நிதித்துறைக்காரர்கள் எதிர்த்தார்கள். மணி அடித்தது. அக்கா முதன்முறையாக எழுந்து, ஆம் என்ற கதவு வழியாக வெளியே போனார். கதவுக்காரர் விறைப்பாக நின்று அவர் தலையையும் எண்ணினார்.

திருத்தம் ஒரே ஒரு ஓட்டில் ஜெயித்தது. சிலர் மேசையைத் தட்டினார்கள். முன்வரிசையில் ஒரு வயதான உறுப்பினர் திரும்பி அக்காவைப் பார்த்துக் கும்பிட்டார். அதற்குள் செயலர் எழுந்து சபைத் தலைவரிடம் குனிந்து ஏதோ சொன்னார். தலைவர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்துப் போட்டுக்கொண்டு, விதிப்படி மறு எண்ணிக்கை என்று அறிவித்தார்.

மறுபடி மணி. மறுபடி எல்லோரும் வெளியே. மற்ற பிரதேசத்துக்காரர்கள் இருவரும் அன்று வரவே இல்லை. அக்கா தூண் ஓரத்தில் உட்கார்ந்திருந்தார். கதவுக்காரர் அன்று அக்கா பக்கம் பார்க்கவே இல்லை. எண்ணிக்கை சமமாக வந்தது. சமமாக வந்தால் திருத்தம் தோற்றதாகக் கணக்கு.

சபை கலைந்ததும் கதவுக்காரர் அருகே வந்தார். "எத்தனையோ தடவை உங்களை உள்ள வெச்சுப் பூட்டியிருக்கேன். இன்னைக்குத்தாம்மா சாவி கனத்துச்சு" என்றார். அக்கா அவர் முழங்காலைப் பற்றி ஏதோ கேட்டுவிட்டு வெளியே வந்துவிட்டார்.

அன்று மாலை வீட்டுக்காரர் கூப்பிட்டார்.

"ஜெயிச்சோம்" என்றார் அக்கா. பிறகு, "அப்புறம் தோத்துட்டோம்."

"ஒரே நாள்லயா?"

"கால் மணி நேரத்துல."

இன்னொருவராக இருந்தால் அதோடு விட்டிருப்பார், அல்லது பத்திரிகைக்காரர்களைக் கூப்பிட்டு அழுதிருப்பார். அக்கா ஒரு வாரம் பொறுத்தார். பிறகு பக்கத்து மாநிலத்து உறுப்பினர் ஒருவரைத் தேடிக் கேன்டீனுக்குப் போனார். கணவாயின் அந்தப் பக்க அடிவாரம் அவர் தொகுதி. முன்னாளில் சாலை போட்டவர் என்பதால் அவரைக் காண்ட்ராக்டர் என்றே கூப்பிடுவார்கள். அவர் மாநிலத்துக்கு இருபத்தெட்டு உறுப்பினர்கள். எங்கள் திருத்தத்தில் அவர்கள் பெரும்பாலும் எதிர்க்கவும் இல்லை, ஆதரிக்கவும் இல்லை, ஓட்டெடுப்புக்கே வராமல் ஒதுங்கிக்கொண்டார்கள்.

அக்கா சுற்றி வளைக்கவில்லை. "ஆஸ்பத்திரிய உங்க பக்கம் கட்டினா உங்க ஆளுங்க மொத்தமும் ஓட்டுப் போடுவாங்களா?"

காண்ட்ராக்டர் கையிலிருந்த டீயைக் கீழே வைத்தார். "எங்க பக்கமா? உங்க ஊர்ல உங்கள உள்ள விடுவாங்களாக்கா?"

"அது என் பாடு. நீங்க பதில் சொல்லுங்க."

அவர் தன் ஊரிலேயே கட்டலாம் என்று ஆசைப்பட்டார். அக்கா ஒத்துக்கொள்ளவில்லை. கணவாய் இறங்கியதும் வரும் முதல் சமதரையில், சோதனைச் சாவடிக்குப் பக்கத்தில் கட்ட வேண்டும். பாதையின் மோசமான பகுதி எங்கள் பக்கத்து ஏற்றம்தான். அதற்கு ஒரு தடுப்புச் சுவரும் அதே மசோதாவில் வர வேண்டும். முகவரியைக் கேட்டு எங்கள் பெண்களைத் திருப்பி அனுப்பக் கூடாது என்பது சட்டத்திலேயே இருக்க வேண்டும். பேரம் பல நாள் நடந்தது. பிரசவம் பார்த்தவரோடு பொறுமையில் போட்டி போட முடியாது என்று காண்ட்ராக்டரே பின்னாளில் சொல்லிச் சிரித்திருக்கிறார்.

அடுத்த கூட்டத்தொடரில் அது பெரிய வித்தியாசத்தில் நிறைவேறியது. அக்காவும் ஓட்டுப் போட்டார். முடிவை மாற்றாத ஓட்டு என்பதால் அது செல்லுபடியானது.

ஊரில் செய்தி தீயாய்ப் பரவியது. நம் ஆஸ்பத்திரியை எதிர்ப் பக்கத்துக்காரனுக்குத் தாரை வார்த்துவிட்டாள் என்றார்கள். மரக்கடை முதலாளி அதையே மேடை போட்டுச் சொன்னார். தான் உயிரோடு இருந்திருந்தால் இப்படி நடக்க விட்டிருக்க மாட்டேன் என்று உணர்ச்சிவசப்பட்டு உளறினார், அதற்கும் கை தட்டினார்கள். ஊர் வாயை மூட உலைமூடி இல்லை. அக்காவின் வீட்டு மதில் சுவரில் கரியால் கொட்டை எழுத்தில் ஒரு வார்த்தை எழுதினார்கள். அவர் வீட்டுக்காரர் பணிமனையிலிருந்து பேருந்துக்கு அடிக்கும் சாம்பல் பெயின்டைக் கொண்டுபோய் அதை மறைத்தார். தொலைபேசியில் இதைப் பற்றி மூச்சு விடவில்லை.

தேர்தலுக்கு அக்கா வந்தபோது அந்தச் சாம்பல் கட்டத்தைப் பார்த்தார். என்ன எழுதியிருந்தது என்று கேட்கவில்லை, வீட்டுக்காரரும் சொல்லவில்லை. வீடு வீடாகப் போய் அக்கா விளக்கம் சொன்னார். தடுப்புச் சுவர் வந்தால் ஏற்றத்தில் மாட்டிக்கொள்கிற நேரம் மிச்சம், சமவெளியில் ஓடுகிற நேரம் மிச்சம், ரத்தம் நிற்காத ஒருத்திக்கு அதுவே உயிர் என்றார். ஜனங்கள் உட்காரச் சொல்லி, தண்ணீர் கொடுத்து, கேட்டுக்கொண்டார்கள். ஓட்டை மரக்கடைக்காரருக்குப் போட்டார்கள்.

தோற்று வீட்டுக்குத் திரும்பியதுதான் அக்காவுக்கு இன்னும் பெரிய விஷயமாக இருந்தது. மாமனார் இடையில் காலமாகியிருந்தார். வீட்டுக்காரர் சமைக்கக் கற்றுக்கொண்டிருந்தார். உப்பு, மிளகாய், எண்ணெய் எல்லாம் அவர் கைக்கு எட்டும் வரிசையில் இடம் மாறியிருந்தன. அக்கா சமையலறையில் நின்று உப்பைத் தேடினார். அவர் பின்னாலிருந்து கையை நீட்டி எடுத்துக் கொடுத்தார். இருவரும் விலகி விலகி வழி விட்டுக்கொண்டார்கள், விருந்தாளிகள் மாதிரி. சண்டை ஒன்றும் இல்லை. சண்டை போடும் பழக்கம்கூட விட்டுப்போயிருந்தது.

"அவ வந்து ஒரு மாசமாச்சு. இன்னும் கதவைத் தட்டிட்டுத்தான் ரூமுக்குள்ள போறேன்" என்று ஒரு நாள் வண்டிக்கு அடியிலிருந்து சொன்னார். ஸ்பேனர் கேட்டார். எடுத்துக் கொடுத்தேன்.

அடிவாரத்தில் ஆஸ்பத்திரி எழும்பியபோது அனுபவமுள்ள செவிலியர் தேவை என்று விளம்பரம் வந்தது. அக்கா விண்ணப்பித்தார், உடனே எடுத்துக்கொண்டார்கள். ஆஸ்பத்திரிக்குப் பின்னாலேயே குடியிருப்பு, இரண்டு அறை. வீட்டுக்காரர் சனிக்கிழமைகளில் என் வண்டியில் போவார், ஞாயிறு சாயங்காலம் திரும்புவார். முதலில் எல்லா வாரமும் போனார். பிறகு ஒரு வாரம் விட்டு ஒரு வாரம். போகிற நாளில் முகம் மழித்து, சட்டை மாற்றி, கையில் ஏதாவது பொட்டலத்தோடு வருவார். பெண் பார்க்கப் போகிறவர் போல இருக்கிறாரே என்று ஓட்டுநர் கிண்டல் செய்வார். அவர் ஜன்னலைப் பார்த்துக்கொள்வார்.

எங்கள் பக்கத்துப் பெண்கள் முதலில் தயங்கினார்கள். முதல் மழை வந்ததும் தயக்கம் போயிற்று. உயிர் பயத்துக்கு ரோஷம் தெரியாது. தடுப்புச் சுவர் தாங்கியது. அந்த வருஷம் கணவாயில் யாரும் சாகவில்லை, அதற்கடுத்த வருஷமும் இல்லை. அதை யாரும் மேடை போட்டுச் சொல்லவில்லை. நடக்காத ஒன்றை எப்படிக் கொண்டாடுவது? பிள்ளையைத் தூக்கிக்கொண்டு என் வண்டியில் திரும்பும் பெண்களிடம் அக்கா எப்படி இருக்கிறார் என்று கேட்பேன். யாரைக் கேட்கிறேன் என்று வெளியூரிலிருந்து வாழ வந்த சிலருக்குப் புரியாது. அங்கே எல்லோரும் கூப்பிடுவது போல அவர்களும் அவரை சிஸ்டர் என்றே கூப்பிட்டுப் பழகியிருந்தார்கள். எதிர்ப் பக்கத்துக்காரர் என்றே நினைத்திருந்தார்கள்.

அந்த மாநிலத்தில் வாக்காளர் பட்டியல் எடுக்க வந்த அதிகாரி, குடியிருப்பிலுள்ள எல்லோர் பெயரையும் சேர்த்துக்கொண்டு போனார். அக்கா மட்டும் வேண்டாம் என்றார். இங்கே சேர்ந்தால் உங்கள் உறுப்பினருக்கு முழு உரிமை இருக்கிறதே, அங்கே போட்டு என்ன பிரயோஜனம் என்று அந்த அதிகாரி நல்ல எண்ணத்தில்தான் கேட்டார். அக்கா அவருக்கு டீ போட்டுக் கொடுத்து அனுப்பிவிட்டார்.

அதனால் போன தேர்தலன்று அக்கா விடுப்பு எடுத்துக்கொண்டு காலை வண்டியில் கணவாய் ஏறி வந்தார். பள்ளிக்கூட வாசலில் வெயிலில் வரிசையில் நின்றார். முன்னால் நின்றவர்கள் திரும்பிப் பார்த்துத் தலையசைத்தார்கள். ஒருத்தி பிள்ளையைக் காட்டி, அங்கே பிறந்தது என்றாள். அக்கா பிள்ளையின் கன்னத்தைத் தொட்டார். யாருக்குப் போட்டார் என்று நான் கேட்கவில்லை. போட்டியில் மரக்கடைக்காரரும் இருந்தார், ஒரு பள்ளி ஆசிரியையும் இருந்தார். வீட்டுக்காரர் பணிமனையிலிருந்து எண்ணெய்க் கையோடு வந்து, பேருந்து நிலையத்தில் அவரோடு நின்று டீ குடித்தார்.  வண்டி கிளம்பும்போது அவர் தண்ணீர் பாட்டிலை ஜன்னல் வழியாகக் கொடுத்தார்.

மதிய வண்டியில் கூட்டம் இல்லை. அக்காவுக்குப் பக்கத்தில் நிறைமாதக்காரி ஒருத்தி வந்து உட்கார்ந்தாள். சமீபத்தில் எங்கள் ஊருக்கு வாழ வந்தவள், அக்காவைத் தெரியாது. ஆஸ்பத்திரிக்குத்தான் போய்க்கொண்டிருந்தாள். வளைவுகளில் பயந்து அக்காவின் கையைப் பிடித்துக்கொண்டாள். அக்கா பேச்சுக் கொடுத்துக்கொண்டே அவள் நாடியைப் பார்த்தார். ஏற்றம் முடிந்து, தடுப்புச் சுவரையும் தாண்டி, வண்டி இறக்கத்தில் சீராக ஓடத் தொடங்கியதும் அவளுக்குத் தைரியம் வந்துவிட்டது.

"நீங்க எந்த ஊரும்மா?" என்று கேட்டாள்.

நான் டிக்கெட் பையோடு பக்கத்தில்தான் நின்றிருந்தேன். அக்கா ஜன்னலுக்கு வெளியே பார்த்தார்.

"நீ ஏறின ஊருதான்" என்றார்.